செவ்வாய்க்கிழமைக்காரர்

ஐந்து பேர் குழுவில்
ஒருவருக்கும் முகாமையாளர் ஆக விருப்பமில்லை.
றிஸ்லாவுக்கு நிரல் எழுத வரும்.
மதவாச்சிப் பக்கத்துச் சசிந்துவுக்குத் தமிழ் வராது.
கீர்த்திகனுக்கு விடிய எழும்ப ஏலாது.
அபிசாயினி வரைபடம் கீறுவாள்.
மிச்சமிருந்தது நான்.
அப்படித்தான் பதவி வந்தது.

பம்பைமடுவில், விசிறி சுற்றாத அறையில்
பதினைந்து வாரத்தைப் பெட்டிகளாக வெட்டினோம்.
பெட்டியிலிருந்து பெட்டிக்கு அம்பு.
எந்த அம்பு ஒருநாள் பிந்தினால்
எல்லாம் பிந்துமோ
அதற்குச் சிவப்பு.
விரிவுரையில் அதன் பெயர் கிரிட்டிக்கல் பாத்.
கொப்பி ஓரத்தில் கழுத்துப்பாதை என்று எழுதிவைத்தேன்,
நெரித்தால் மூச்சு நிற்கும்.
மற்ற அம்புகளுக்கு இரண்டு நாள் தொய்வு.
மாரியின் முதல் மழைக்கே கரண்ட் போய்
அந்தத் தொய்வைத் தின்றது.

வாடிக்கையாளர்:
கனகராயன்குளம் பால் சேகரிப்பு நிலையம்.
அதாவது தகரக்கூரை, தராசு,
கொழுப்பு அளக்கும் கருவி,
நீலமட்டைக் கொப்பியோடு நேசராணி அக்கா.
நூற்றுப் பதினெட்டு உறுப்பினர்,
தொண்ணூறு பேர் பெண்கள்.

அக்கறையுடையோர் பட்டியலை
பஸ்ஸிலேயே முடித்துவிட்டேன்.
உறுப்பினர், செயலாளர், மாட்டு வைத்தியர்,
பாலேற்ற வரும் பவுசர்ச் சாரதி.
நாலு கட்டம். நாலும் நிறைந்திருந்தது.

மாதிரித் திரையைக் காட்டினோம்.
பெயர், லீற்றர், வாராந்தத் தொகை.
ஒரே அழுத்தில் அச்சாகும், சுவரில் ஒட்டலாம்.
வெளிப்படைத்தன்மை என்றேன்.
வாங்கில் இருந்தவர்கள்
ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.
ஒருவரும் கதைக்கவில்லை.
"தேவைகள் உறுதிப்படுத்தப்பட்டன"
என்று குறித்துக்கொண்டேன்.

பவுசர் போகும்வரை நின்றவள் அபிசாயினிதான்.
பஸ்ஸில் கேட்டாள்:
இண்டைக்கு என்ன கிழமை எண்டு பாத்தனியா?

வீதிக்கு அங்கால, பாலைமரத்துக்குக் கீழே
ஹெல்மெட் கழற்றாமல் ஒருவர்.
அவர் கையிலும் ஒரு பட்டியல்.
நுண்கடன் கம்பனி.
செவ்வாய்க்கிழமைக் காசு
வீட்டுப் படலை தாண்டமுன்
அவரைத் தாண்ட வேண்டும்.
யாருக்கு எவ்வளவு என்பது மட்டும்
அவருக்குத் தெரியாது.
நேசராணி அக்கா காசை உறையில் போட்டு
ஒட்டிக் கொடுப்பது அதற்குத்தான்.

நாங்கள் அதைச் சுவரில் ஒட்டப் பார்த்தோம்.

பதினோராம் வாரத்தில் செயற்பரப்பை மாற்றினேன்.
அது என்ர மூண்டு கிழமை வேலை என்று
றிஸ்லா கத்தினாள்.
சசிந்து விசயத்தைச் சிங்களத்தில் கேட்டுவிட்டு
கொஞ்சநேரம் பேசாமல் இருந்தான்.
எங்கட ஊருக்கு அந்த ஆள் வியாழக்கிழமை வாறவன்
என்றான். றிஸ்லாதான் மொழிபெயர்த்தாள்.
மொழிபெயர்த்துவிட்டு
பக்கத்தை அழித்தாள்.

மாற்றக் கோரிக்கைப் படிவத்தில்
காரணத்துக்கு ஒரு வரிதான் இடம்.
பயனர் தனியுரிமை என்று எழுதினேன்.
பொய்யில்லை. முழுசும் இல்லை.

இடர்ப் பதிவேட்டில் ஒரு புது நிரை:
இடர் – சொன்னதைச் சொன்ன நேரத்தில் முடித்தல்.
நிகழ்தகவு – உயர்வு.
தாக்கம் – உயர்வு.

ஒன்பது நாள் பிந்தி ஒப்படைத்தோம்.
முதல் ஆவணத்தில் இருந்த அச்சு அறிக்கை எங்கே
என்று கேட்டார்கள்.
பதினைந்து நிமிடம் தந்திருந்தார்கள்,
எனக்கு நாற்பது தேவைப்பட்டது.
பி சய.

இப்போது அங்கே
உறுப்பினர் தன் இலக்கத்தை அடித்தால்தான்
தொகை வரும்.
பத்து விநாடியில் திரை கறுக்கும்.
நாங்கள் ஐந்து என்றோம்.
காணாது, கண்ணாடி தேடுறவை இருக்கினம்
என்று பத்தாக்கியவ நேசராணி அக்கா.
நீலமட்டைக் கொப்பியையும் அவ விடவில்லை.
கரண்ட் போனால்?

இறுதி அறிக்கையில் ஏற்றாத ஒரு நிரை
என் மடிக்கணினியில் கிடக்கிறது,
அக்கறையுடையோர் பட்டியலில் ஐந்தாவதாக:

பாலைமரத்துக்காரர்.
செல்வாக்கு – அதிகம்.
அக்கறை – மிக அதிகம்.
தொடர்பாடல் திட்டம் –
ஒன்றும் சொல்வதில்லை.